இரண்டாவது தலையணை

இளவரசிக்குக் குழந்தை பிறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. கர்ப்பத்தில் ஏறிய ரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பின்னும் முழுதாக இறங்கவில்லை. கால்கள் வீங்கியிருந்தன. கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையின் அடிப்பகுதி மட்டுமே நனைந்திருந்தது.

முதுநிலை மருத்துவ மாணவி ஜெசிந்தா அந்தப் பையைப் பார்ப்பதும், நடப்பதும், திரும்பி வந்து பார்ப்பதுமாக இருந்தாள்.

“டாக்டரம்மா, இன்னொரு தலையணை கிடைக்குமா? மட்டமாப் படுக்க முடியல.”

காலியாயிருந்த கட்டிலிலிருந்து ஒன்றை எடுத்து இளவரசியின் முதுகுக்கு வைத்தாள் ஜெசிந்தா. கண் பையிலேயே இருந்தது. பிறகு சலைன் பாட்டிலை மாட்டித் திறக்கப் போனாள்.

அடுத்த கட்டிலருகே நின்ற பேராசிரியர் அமுதவல்லி வந்து அவள் கையைப் பிடித்தார்.

“எதுக்கு?”

“யூரினே போகல மேடம். உடம்புல தண்ணி பத்தல. கிட்னி போயிடும்.”

“முதுகுல ஸ்டெத்தை வை.”

வைத்தாள். நுரையீரலின் அடியில், மூச்சு உள்ளே போகும்போதெல்லாம், காதருகே முடியை உரசுவது போன்ற மெல்லிய ஒலி.

“தண்ணி கோத்திருக்கு,” என்றாள். குரல் இறங்கிவிட்டது.

“ரத்தக் குழாயெல்லாம் இறுகிக் கிடக்கு. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இவ இதயம் விறைச்சுப் போச்சு. வர்ற ரத்தத்துக்கே விரிஞ்சு இடம் குடுக்க முடியல. நீ இன்னும் ஊத்தினா எங்க போகும்?”

ஜெசிந்தா பாட்டிலைக் கழற்றினாள். ஆக்சிஜன் வைத்தார்கள். நீரை வெளியேற்றும் ஊசியைப் பேராசிரியர் தாமே போட்டார்.

“இப்ப என்ன செய்யணும் மேடம்?”

“உட்காரு.”

உட்கார்ந்தாள். எழுந்தாள். பையைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

“நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு உட்கார்றதப் பார்த்தா எனக்குத்தான் மூச்சு வாங்குது,” என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள் இளவரசி. “புள்ளைய எப்பம்மா காட்டுவீங்க?”

ஜெசிந்தா ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்தாள்.

வெயில் கட்டில் காலைத் தாண்டி நகர்ந்தபோது பை நிறையத் தொடங்கியிருந்தது. இளவரசி ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் பேசினாள். குழந்தையைக் கொண்டுவர ஆள் போனது.

வார்டுக்கு வெளியே ஜெசிந்தா கேட்டாள்.

“நீங்க ஸ்டெத்தே வைக்கல. எப்படி மேடம் தெரிஞ்சுது?”

“நீ அவளுக்குத் தலையணை எடுத்துக் குடுத்ததைப் பார்த்தேன்.”