வலத்தாயி வாங்குன சத்தியம்

ஏய், உக்காருங்கப்பா. அங்க என்ன குசுகுசு? பேச்ச நிறுத்துங்க, இல்லன்னா கதைய நான் முழுங்கிருவேன்.

அந்தக் காலத்துல ஆடு மாடு மட்டுமில்ல, உடம்புக்குள்ள இருக்கறதெல்லாம் பேசும். விறக அடுக்கி எரிச்சுக் கரிமூட்டம் போடுற ஒச்சப்பன் நெஞ்சுக்குள்ள வலத்தாயின்னு ஒருத்தி இருந்தா. இதயத்தோட வலது பக்கத்து அறை. ஒல்லிக்குச்சி. உடம்பெல்லாம் சுத்திக் களைச்சு வர்ற ரத்தத்த நுரையீரலுக்குத் தள்ளிவிடறது அவ வேலை. "லப்பு"ன்னு லேசா ஒரு தட்டு, போய்ச் சேந்துரும். அங்க காத்து குடிச்சுச் செவப்பாகிக் கிளம்பும்.

நுரையீரல் பூரா குட்டிக் குட்டிக் காத்துப் பை. ஒவ்வொண்ணுக்கும் ரத்தம் போற வாய்க்கால்ல ஒரு மடை. மடைக்காவலுக்கு மாயழகு. இளகுன மனசுக்காரன். எந்தப் பையில காத்து இல்லையோ, "அய்யய்யோ, வாடுதே!"ன்னு அங்கதான் மடைய அகலமாத் தொறப்பான்.

ஒருநாள் மூலைப் பைய சளி அடைச்சிருச்சு. மாயழகு ரத்தத்த அங்கயே அள்ளி விட்டான். போன ரத்தம் போன மாதிரியே கறுத்துத் திரும்புச்சு. மூளை கிறுகிறுத்து, ஒச்சப்பன் மூட்டத்துப் பக்கத்துலயே சாஞ்சுட்டான். தப்பிச்சதே பெரிய காரியம்.

வலத்தாயி வெலவெலத்துப் போனா. "அடேய், காத்தில்லாத பைக்கு எதுக்குடா ரத்தம்? இனிமே காத்து இல்லன்னா மடைய இறுக்கி மூடு. யாரு கேட்டாலும் தொறக்காத. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு!"

அவளுக்கு ஏது தலைன்னு கேக்காதீங்க.

"நீயே கேட்டாலுமாக்கா?"

"நானே கேட்டாலும்டா!"

அடிச்சுட்டான்.

கொஞ்ச நாள் சுகமாத்தான் போச்சு. ஆனா கரிப்புகை விட்டாத்தானே? ஒரு பை, பத்து பை, பாதி நுரையீரலே காத்தில்லாமப் போச்சு. மாயழகு சொன்ன சொல் மாறாம டப்பு டப்புன்னு மூடிட்டே வந்தான். மூடி மூடி வாய்க்கால் கரையே தடிச்சுப்போச்சு.

வலத்தாயி தள்ளுறா, போகல. தோளக் குடுத்து முட்டுறா, ம்ஹூம்.

"மாயழகு, தம்பி, வெடிச்சிருவேன் போலருக்குடா. ஒரே ஒரு மடையத் தொறடா!"

"நீயே கேட்டாலும் தொறக்காதன்னு நீதானக்கா சொன்ன?"

"புத்தி கெட்டுச் சொல்லிட்டேன்டா!"

"காத்தக் கொண்டாக்கா, தொறக்குறேன்."

காத்துக்கு அவ எங்க போவா? வெளிய ஒச்சப்பன் நாலு எட்டு வைக்க, "இஸ்ஸ்... இஸ்ஸ்..."ன்னு கரையில விழுந்த மீன் மாதிரி வாயத் தொறக்குறான். அவன் மூச்சு நின்னுட்டா இவளும் நிக்கணும். அந்தப் பயத்துலயே முட்டி முட்டி, ஒல்லிக்குச்சியா இருந்தவ சுவரு கனத்து, அப்புறம் ஊதிப் பெருத்துட்டா. அவளால வாங்க முடியாத ரத்தம் பின்னாலயே தேங்கி, தண்ணி கசிஞ்சு கசிஞ்சு கீழ எறங்குச்சு.

அன்னையிலருந்துதான், நுரையீரல் நாள்பட்டுக் கெட்டவங்கள்ல பல பேருக்கு வலது இதயம் பெருக்குது, காலும் வீங்குது.

பொறந்ததுலருந்து ஒரு வார்த்தை பேசாதது கால். அன்னைக்கு மொத மொதலா அண்ணாந்து பாத்துச்சு.

"ஏன்டி வலத்தாயி, சத்தியம் கேட்டது நீ, செஞ்சது அவன். வீங்குறது நானா?"