உவர்மண்

"இரும்பையும் துணியையும் ஒரே குவியலில் போட்டால் இரண்டுமே கெட்டுப்போகும் அம்மா. இதுகூடத் தெரியாமல் அள்ளிப் போட்டிருக்கிறார்கள்."

மடத்துப் படித்துறையில் நின்று ஆரூரன் குறைபட்டுக்கொண்டார்.

வெள்ளம் வடிந்துவிட்டது. ஆற்றின் மேல்கரையில் இருந்த ஊர் இப்போது இல்லை. தப்பியவர்கள் மடத்துக் கூடத்தில் சுருண்டு கிடந்தார்கள். தப்பாதவர்களை மணல்மேட்டில் புதைத்தாயிற்று. அந்த ஊரின் சட்டி பானையும் கட்டையும் கந்தையும் சேற்றோடு சேறாகப் படித்துறையில் ஒதுங்கியிருந்தன.

மடத்தின் தலைவி நங்கையம்மை மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆரூரனைவிட வயதில் சிறியவர். குழி வெட்டிக் கை கொப்பளித்திருந்தது.

"உரியவர்கள் தேடி வருவார்கள். அதுவரை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

"எப்படிப் பிரித்து வைக்கட்டும்?"

"பிரிக்கச் சொல்லவில்லையே. பார்த்துக்கொள்ளச் சொன்னேன்."

ஆரூரன் அதைக் காதில் வாங்கவில்லை. மடத்துக்கு வருமுன் துறைமுகத்துப் பண்டகசாலையில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். எது ஈரம் குடிக்கும், எது துருப்பிடிக்கும், எது ஊறி உப்பும், எது பூஞ்சை பூக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தொட்டாலே தெரியும். பிணங்களைத் தூக்கும்போது அந்தக் கைகள் நடுங்கின. பொருள்களைத் தொட்டதும் நடுக்கம் நின்றது.

வேலையில் இறங்கினார்.

இரும்பைத் துடைத்து எண்ணெய் தடவினார். பித்தளையைத் தனியே வைத்தார். வைரம் பாய்ந்த மரத்தை நிழலிலும் மெல்லிய மரத்தை வெயிலிலும் போட்டார். சுட்ட மண்ணை ஓர் ஓரமாக அடுக்கினார். சுடாத மண்ணுக்கு இடமே தேவைப்படவில்லை. அது ஆற்றிலேயே கரைந்துபோயிருந்தது.

இரண்டு மூன்று வகை சேர்ந்திருந்தவற்றைக் கழற்றினார். அரிவாளிலிருந்து பிடி. ஏற்றத்திலிருந்து கயிறு. தொட்டிலிலிருந்து துணி.

துணிகளை உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்துக் கசக்கி அலசிக் கொடியில் உலர்த்தினார். பண்டகசாலையில்கூட அவர் இத்தனை ஒழுங்கைக் கண்டதில்லை.

"வந்து பாருங்கள் அம்மா."

நங்கையம்மை வந்து பார்த்தார். காற்றில் ஆடிய துணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படியில் உட்கார்ந்தார்.

பொழுது சாய்வதற்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஓர் உழவர் தன் கலப்பையின் கொழுவைக் கண்டுபிடித்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரு பொட்டுத் துரு இல்லையே சாமி! நீங்க நல்லா இருக்கணும்."

ஆரூரனுக்கு நெஞ்சு நிறைந்தது. செத்தவர்களுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை, இருப்பவர்களுக்காவது இதைச் செய்தோமே என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்து ஒரு பெண் வந்தாள். பெயர் சிவனாயி. அவளுடைய கைக்குழந்தையை நங்கையம்மைதான் குழியில் இறக்கியிருந்தார். அப்போதும் அவள் அழவில்லை. இப்போதும் அவள் கண்ணில் ஈரம் இல்லை.

"தொட்டில் ஒண்ணு வந்துச்சா சாமி?"

ஆரூரன் பதறினார். அதைத்தான் கழற்றிப் போட்டிருந்தார்.

"வந்தது தாயி. சற்றுப் பொறு, கட்டைகளைத் தேடி எடுத்துப் பூட்டித் தருகிறேன்."

"கட்டை எதுக்குச் சாமி? படுக்கப் பிள்ளை இல்லையே. துணி மட்டும் போதும். மஞ்சத் துணி."

ஆரூரனுக்கு மூச்சு வந்தது. துணி பத்திரமாக இருந்தது. கொடிக்கு ஓடி, அதை எடுத்து, மடித்து, இரண்டு கைகளிலும் ஏந்திக் கொடுத்தார்.

சிவனாயி மடிப்பை உதறினாள். ஓர் ஓரத்தைப் பார்த்தாள். திருப்பி மறு ஓரத்தைப் பார்த்தாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இதுதானே?" என்றார் ஆரூரன்.

"இதுதான். ஆனா இங்க மை இருந்துச்சே."

"என்ன மை?"

"பிள்ளை கன்னத்துல வச்ச திருஷ்டிப் பொட்டு. தினமும் வைப்பேன். புரண்டு புரண்டு படுக்கிறப்ப இந்த ஓரத்துல ஈஷிக்கும். விளக்கெண்ணெயில குழைச்ச மை சாமி, தண்ணிக்குப் போவாது. எத்தனை வெள்ளம் அடிச்சாலும் போயிருக்காது."

உண்மைதான். வெள்ளத்துக்கு அது போயிருக்கவில்லை.

மற்றக் கறைகளெல்லாம் விட்ட பிறகும் அது விடாமல் நின்றது ஆரூரனுக்கு நினைவு வந்தது. எண்ணெய்க் கறை தண்ணீருக்கு மசியாது, உவர்மண்ணுக்கு மசியும். உள்ளங்கையில் உவர்மண்ணை அள்ளி, அந்த ஓரத்தை மட்டும் தனியே பிடித்து, விடாமல் தேய்த்தார். கடைசியில் அது வெளுத்தபோது சிரித்தும்விட்டார்.

"துவைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள் சிவனாயி.

அவர் ஆமென்று தலையசைத்தார்.

அவள் கோபப்படவில்லை. துணியின் அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே போய் மணலில் உட்கார்ந்தாள். நீவுவதை அவள் நிறுத்தவே இல்லை.

ஆரூரன் நங்கையம்மையிடம் வந்தார்.

"கறை பட்ட துணியைத் துவைத்தது தப்பா அம்மா?"

"இல்லை."

"மட்கிப்போகாமல் காப்பாற்றினேனே."

"காப்பாற்றினீர்கள்."

"அப்படியானால் எனக்கு ஏன் இப்படி இருக்கிறது?"

நங்கையம்மை ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரூரனின் விரலிடுக்கில் உவர்மண் காய்ந்து வெடித்திருந்தது. அவர் அதைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன்."

"உட்காருங்கள்."

"கேட்கக்கூடாதா அம்மா?"

"நீங்கள் கேட்டால் அவள் கொடுத்தாக வேண்டும். கொடுக்க இன்று அவளிடம் எதுவுமில்லை."