ரெண்டு விசில்

குழந்தைகள் நலக் குழு அப்போதெல்லாம் தாலுகா ஆபீஸுக்குப் பின்னால், மழைக்கு ஒழுகுகிற ஒரு கட்டடத்தில் இருந்தது. இப்போது அங்கே பைக் நிறுத்துகிறார்கள். ஆனாலும் அந்த மர பெஞ்சில் காத்துக் கிடந்தவர்கள் அதை மறக்கவில்லை. கண்டக்டர் கோமதிநாயகமும் மறக்கவில்லை.

முப்பிடாதி காசநோயில் படுத்தபோது, அவள் தேறும்வரை மகள் இசக்கியை வளர்க்கச் சொல்லி அவரிடமும் அவர் வீட்டம்மாவிடமும் ஒப்படைத்தது அந்தக் குழுதான். வந்த அன்று பிள்ளைக்கு நாலு வயசு. ஒரு காலில் மட்டும் செருப்பு. ரெண்டு வருஷம் ஓடியது. தாய் தேறிவிட்டாள். பிள்ளையைக் கேட்டாள்.

விசாரணைக்கு நாள் குறித்ததும் அவர் ஜெசிந்தாவிடம் ஓடினார். அவரைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவள். தையல்காரி. இப்படி ஏழு பிள்ளைகளை வளர்த்துத் திருப்பிக் கொடுத்தவள். புதிதாகப் பிள்ளை எடுத்தவர்கள் எல்லாரும் அவளை வாத்தியாரம்மா என்பார்கள். அவருக்கும் அவள்தான் குரு.

“வாத்தியாரம்மா, நாம பெத்தவங்களும் இல்ல, வக்கீலும் இல்ல. அந்த ரூமுக்குள்ள நாம யாரு?”

“போய்ட்டு வந்து கேளுங்க அண்ணாச்சி.”

சும்மா போயிருந்தால் தேவலை. அவர் ஒரு காரியம் பண்ணினார்.

குழுத் தலைவரம்மா இசக்கியிடம், “யார்கூட இருக்க ஆசை கண்ணு?” என்று கேட்டார்.

இசக்கி எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். “நான் எனது வளர்ப்புப் பெற்றோருடனேயே வாழ விரும்புகிறேன்.”

ஆறு வயசு பேசுகிற பேச்சா அது? தலைவரம்மா பேனாவை மூடினார். “யாரு சொல்லிக் குடுத்தா?”

“அப்பா. இன்னும் ஒரு வரி இருக்கு. மறந்துபோச்சு.”

பதினைந்து நாள் தள்ளிவைத்தார்கள். அடுத்த தடவை நீங்களே பேசுங்கள் என்றார்கள் அவரிடம்.

ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். “‘எனது’ன்னு வேற சொன்னாளாமே!”

“சிரிக்காதீங்க. பிள்ள போயிரும்போல இருக்கு. நான் என்னத்தச் சொல்ல?”

அவள் தையல் மிஷினை நிறுத்தினாள்.

“என் மொதப் பிள்ள சூசை. ‘சொல்ல ஏதாவது இருக்கா’ன்னு அவனத் திருப்பிக் குடுத்த அன்னைக்கு என்னையும் கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னுட்டேன். இருந்துச்சு. என் முந்தானையப் பிடிச்சாத்தான் தூங்குவான். அதையும் எதுக்கு அவனப் பெத்தவளுக்குக் குடுக்கணும்னு இருந்துச்சு. பதினோரு நாள் கழிச்சு அவன் அம்மா ரெண்டு பஸ் மாறி வந்து வாசல்ல நின்னா. ‘அக்கா, இவன எப்படித் தூங்க வச்சீங்க?’ன்னா. கண்ணு குழிவிழுந்து கெடந்துச்சு. ரெண்டு பேருக்கும்.”

அவள் அறுந்த நூலை ஊசியில் கோத்துக்கொண்டே கேட்டாள்.

“இசக்கி இடி இடிச்சா என்ன செய்வா?”

“கட்டிலுக்கு அடியில போயிருவா. நான் விசில எடுத்து ஊதுவேன். ஒண்ணு ஊதுனா வண்டி நிக்கணும், ரெண்டு ஊதுனா கிளம்பணும். அவளுக்கே தெரியும். ரெண்டு ஊதுனா வண்டி போயிருமேன்னு ஓடி வந்து முதுகுல ஏறிக்கிடுவா.” சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இது அவ அம்மாவுக்குத் தெரியுமா?”



அடுத்த விசாரணையில் எழுந்து நின்றார். “அவள விட எங்களுக்கு மனசில்ல. அது நெசம், எழுதிக்கங்க.” அப்புறம் முப்பிடாதி பக்கம் திரும்பினார். காய்ச்சல் வந்தால் கஞ்சியைத் துப்புவாள், மோர் குடிப்பாள். தலையில் எண்ணெய் வைக்கும்போது கதை சொல்ல வேண்டும்.

“இங்க பாத்துப் பேசுங்க” என்றார் தலைவரம்மா. இன்னொரு தடவை அப்படிச் சொல்லவில்லை.

முப்பிடாதிக்கு எழுதத் தெரியாது. ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணினாள்.

“அப்பா, பல்லு விழுந்ததச் சொல்லல” என்றாள் இசக்கி.

அதையும் சொன்னார். கடைசியில் இடியைச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து முப்பிடாதி கையில் வைத்தார்.

பிள்ளையைத் தாயோடு அனுப்ப உத்தரவானது.

வெளியே படிக்கட்டில் ஜெசிந்தா நின்றிருந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“விட்டுட்டேன் வாத்தியாரம்மா. இப்பவாவது சொல்லுங்க. அந்த ரூமுக்குள்ள நாம யாரு?”

அதற்குள், கேட் வரை போயிருந்த முப்பிடாதி இசக்கியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க, மறந்துட்டேன். இடி இடிச்சா விசிலு ஒண்ணா, ரெண்டா?”

இசக்கிக்குத் தெரியும். ஆனால் சொல்லாமல் அவரையே பார்த்தாள். அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார்.

“உங்களத்தான் கேக்குறாங்க அண்ணாச்சி” என்றாள் அவள்.