நான்காவது ஆள்

வைரவனுக்கு அறுபது வயது முடிந்திருந்தது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட தேனம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடந்து போகும் கூட்டத்தில் அந்த அம்மாள் முன்னால் போவார். வைரவன் எவ்வளவு எட்டிப் போட்டாலும் பின்னால்தான் வருவார்.

அவருக்கு இது மூன்றாவது வருடம். மகள் வள்ளிக்கண்ணு இருதய ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது, பிழைத்து எழுந்தால் மூன்று தைப்பூசத்துக்கு நடந்து வருகிறேன் என்று முருகனிடம் நேர்ந்துகொண்டார். மகள் எழுந்துவிட்டாள். இந்த நடையும் குறையில்லாமல் முடிந்தால் போதும் என்றிருந்தார்.

கொழுஞ்சிப்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு கல்யாண மண்டபம், முக்கில் ஒரு டீக்கடை. கூட்டம் மண்டபத்தில் போய்ச் சாய்ந்தது. வைரவன் டீ குடிக்கப் போனார்.

கடையில் கைலி கட்டிய ஒருவன் கடைக்காரரிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

“நான், மச்சான், நீங்க. மூணு பேர் ஆச்சுண்ணே. இன்னும் ஒரு ஆள்தான்.”

“நான் யாரைக் கூப்பிடுவேன் வெள்ளையா? ஊரே மாலை போட்டிருக்கு. உங்க செங்கல் சூளை ஆளுங்களும் பொங்கலுக்குப் போனவங்க இன்னும் திரும்பல.”

“ரோடு பூரா யாத்திரைக் கூட்டம், வண்டியும் வராதுங்கறாங்க. நேத்து சாயங்காலம் போன உசுரு. எங்கம்மாவை இதுக்கு மேல வச்சிருக்க முடியாதுண்ணே.”

வைரவன் பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டார். கை தன்னால் கழுத்து மாலைக்குப் போனது. வந்த வழியே மண்டபத்துக்குத் திரும்பினார்.

அங்கே, கூட நடந்து வந்த கதிரேசன் குருவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“அம்மா, கடைத்தெருவுல ஒரு சாவு. மாலையோட அந்தப் பக்கம் போகக் கூடாதே, வேற வழி இருக்கா?”

“மண்டபத்துக்குப் பின்னாடி வாய்க்கால் கரை இருக்கு. அது மேல போனா மெயின் ரோட்டுல ஏறிரலாம்” என்றார் குரு.

கதிரேசன் கும்பிட்டுவிட்டுப் பையைத் தூக்கினார். வைரவன் அவர் நின்ற இடத்தில் போய் உட்கார்ந்தார். டீக்கடையில் கேட்டதைச் சொன்னார்.

“மாலையோட பொணத்தைத் தூக்குனா என் மகளுக்கு ஏதாவது ஆயிருமா அம்மா?”

குரு அவர் பக்கம் திரும்பினார்.

“எனக்குத் தெரியலை.”

தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார் வைரவன்.

“தெரியலையா? நீங்களே அப்படிச் சொன்னா நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?”

குரு துவைத்த துண்டை உதறி ஜன்னல் கம்பியில் காயப்போட்டார்.

வைரவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாய்க்கால் கரையில் ஜனங்கள் அரோகரா போட்டுக்கொண்டு வரிசையாகப் போனார்கள். அவரும் போனார். கொஞ்ச தூரத்தில் நின்றார். திரும்பித் தெருமுக்குக்கு வந்தார். மறுபடியும் கரைக்குப் போனார்.

கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரைங்கய்யா தேடுறீங்க?”

தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

எந்த நிமிஷத்தில் கடைத்தெருப் பக்கம் திரும்பினோம் என்று பிற்பாடு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. தகரக் கூரை போட்ட ஒரு வீட்டு வாசலில் பாடையைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒரு முனையில் ஆள் இல்லை. அங்கே போய்க் குனிந்து தோளைக் கொடுத்தார்.

நடக்க நடக்க வள்ளிக்கண்ணு, வள்ளிக்கண்ணு என்று அவர் வாய் முணுமுணுத்தது. வேண்டிக்கொள்கிறோமா, மன்னிப்புக் கேட்கிறோமா என்று அவருக்கே விளங்கவில்லை. முன்னால் போன வெள்ளையன் திரும்பாமலே, “தோள் மாத்திக்கங்கய்யா” என்றான். மாற்றிக்கொண்டார்.

சுடுகாட்டில் இறக்கி வைத்த பிறகுதான் வெள்ளையன் அவரை நேராகப் பார்த்தான்.

“ஐயா, மாலை போட்டிருக்கீங்களே!”

வைரவன் குனிந்து பார்த்தார். மாலை கழுத்தில்தான் கிடந்தது. கழற்ற வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

அதுவரை அழாத வெள்ளையன் அப்போதுதான் அழுதான்.

எல்லாம் முடிந்து, வழியில் ஒரு பம்புசெட்டில் வேட்டியோடு குளித்தார். கழற்றி வைத்திருந்த பையை மாட்டிக்கொண்டு நடக்கும்போது உள்ளே போன் அடித்தது. மகள்.

“அப்பச்சி, சாப்பிட்டீகளா? எந்த ஊர்ல இருக்கீக?”

ஊர்ப் பெயர் நினைவுக்கு வரவில்லை.

“நீ நல்லாருக்கியா ஆத்தா?”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். ஏன் ஒரு மாதிரி பேசுறீக?”

“ஒண்ணுமில்லை. வந்துக்கிட்டிருக்கேன்.”

வைத்த பிறகு, எங்கே வந்துகொண்டிருக்கிறோம் என்று யோசித்தார். மலைக்கா, வீட்டுக்கா?

மண்டபம் காலியாகியிருந்தது. குரு மட்டும் படியில் உட்கார்ந்திருந்தார். வைரவன் ஈர வேட்டியோடு நாலு படி தள்ளி நின்றார். கிட்டப் போகலாமா என்பதுகூட அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

“கதிரேசன் கேட்டதுக்கு உடனே பதில் சொன்னீங்க. நான் கேட்டதுக்கு மட்டும் தெரியலைன்னுட்டீங்களே அம்மா.”

“அவர் வழி கேட்டார். வழி எனக்குத் தெரியும். உங்க மகளுக்கு என்ன ஆகும்னு கேட்டீங்க. அது எனக்குத் தெரியாது.”

வைரவன் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

“இதைக் கழத்தவா, வேண்டாமா? நான் செஞ்சது சரியா, தப்பா? மலைக்கு வரவா, இப்படியே பஸ் ஏறவா? ஒண்ணுமே விளங்கலை எனக்கு.”

குரு எழுந்து பையைத் தோளில் மாட்டினார். படியிறங்கி அவர் பக்கத்திலேயே வந்து நின்றார்.

“கிளம்பலாம்.”

“மனசு தெளியாம எப்படி அம்மா நடக்கறது? கொஞ்சம் இருங்க. தெளிஞ்ச பிறகு வர்றேன்.”

“தெளிஞ்ச பிறகா தூக்குனீங்க?” என்றார் குரு.