கோலப்பன் நின்ற இடம்

கொல்லன் தாணுமூர்த்தி ஆசானைத் தேடிப் போனது தொழில் கற்க அல்ல. தொழிலில் அவனுக்குத் தலையே நரைத்துவிட்டது. தம்பி கோலப்பனைத் தன் கைதான் கொன்றதா என்று தெரிந்துகொள்ளப் போனான்.

நல்ல கரி கிடைக்காமல் உலை படுத்தபோது, கேஸில் எரியும் பர்னர் ஒன்றை இரும்புக் குழாயில் தாணுமூர்த்தியே செய்து மாட்டியிருந்தான். ஒரு காலையில் கோலப்பன் அதைப் பற்றவைத்தபோது தீ அவனைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அவன் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் "விதி" என்றார்கள். கேட்டுக் கேட்டுத் தாணுமூர்த்திக்குக் காது புளித்துப் போயிற்று. கோலப்பன் மனைவி பகவதி மட்டும் சம்மட்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே!

அந்தப் பக்கத்துக் கொல்லர்கள் ஆசான் என்று கூப்பிட்டது ஜெசிந்தாவை. தகரக் கொட்டகையில் பர்னர் செய்து கொடுப்பவள். தாணுமூர்த்தியைவிட எவ்வளவோ இளையவள். பேச்சில் மகா கஞ்சம்.

"நான் செஞ்ச பர்னர்லதான் தம்பி செத்தான். அதுல என்ன குத்தம், ஆசானே?"

"இப்ப பட்டறையில எத வச்சு வேல நடக்கு?"

"தம்பி பொண்டாட்டிக்குக் கடையில நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டேன். என் கை பட்டது இனி வேண்டாம்."

"தம்பிக்குச் செஞ்ச மாதிரியே இங்க ஒண்ணு செய்யுங்க."

"அதே மாதிரியா?"

"மயிரிழை மாறக் கூடாது."

அவன் ரம்பத்தை எடுத்தான். குழாயை அறுத்தான். கேஸைப் பீய்ச்சும் பித்தளை ஜெட்டில் ஊசித் துளை போட்டான். பின்வாயில் காற்றுக்கு வழி வைத்தான். ஜெட் குழாயின் நடுவைப் பார்த்து நிற்க வேண்டும். நூலளவு சாய்ந்தாலும் தீ கோணிக்கொள்ளும். பற்றவைத்ததும் தீ மஞ்சளாக நாக்கை நீட்டியது. காற்று போதவில்லை. ஜெட்டைப் பின்னால் இழுத்தான். இப்போது காற்று கூடி, தீ குழாய் வாயைவிட்டுத் துள்ளி அணைந்தது. மறுபடி கொஞ்சம் முன்னால் தள்ளினான். ஆசான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாள் என்று அவனுக்கு எரிச்சல் வந்தது.

பொழுது சாய்வதற்குள் தீ நீலமாகி, நடுங்காமல் ஒரே சீராக உறுமியது. உள்ளே வைத்த கம்பி பழுத்தது.

"குத்தம் இருக்கா?"

"இல்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்தாச்சு. நான் செஞ்சாலும் இதவிட நல்லா வராது."

நிம்மதி வர வேண்டிய இடத்தில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. ஒரு குற்றம் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தால் அதைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பான்.

"அப்போ அவன் எப்படிச் செத்தான்? விதின்னு நீங்களும் சொல்லப் போறியளா?"

ஆசான் பர்னரை அணைத்தாள். "அன்னைக்கு என்ன நடந்துது?"

"பத்தவச்சுட்டு டீ குடிக்கப் போனான். காத்துல தீ அணஞ்சு போச்சு. கேஸ் மட்டும் வந்துகிட்டே இருந்திருக்கு. திரும்பி வந்து தீக்குச்சியக் கிழிச்சான்."

"மணம் வரலியா அவருக்கு?"

"வந்திருந்தா கிழிப்பானா?"

"எங்க நின்னாரு?"

"குழியில."

அவர்கள் பட்டறையில் பட்டடைக் கல் தரையோடு தரையாகக் கிடக்கும். அதன் முன்னால் இடுப்பளவு குழி, பக்கத்தில் தரையிலேயே உலை. கொல்லன் அதில் இறங்கி நின்றுதான் இரும்பை அடிப்பான். கரி உலைக் காலத்தில் அவர்கள் அப்பா வெட்டியது அது. உலை மாறியும் குழி மாறவில்லை.

ஆசான் மண்வெட்டியை எடுத்து நீட்டினாள். "இங்க ஒண்ணு வெட்டுங்க."

சாவு வீட்டிலிருந்து வந்தவனைக் குழி வெட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனாலும் வெட்டினான். இடுப்பளவு வந்ததும் அவனை மேலே ஏறச் சொன்னாள். பர்னரைக் குழியின் விளிம்பில் வைத்து, பற்றவைக்காமல் கேஸைத் திறந்துவிட்டாள். சற்று நேரம் கழித்து மூடி, சிலிண்டரைத் தூரத் தள்ளிக்கொண்டு போனாள்.

"மணம் வருதா?"

"பெருசா ஒண்ணும் இல்ல."

"குழியில என்ன தெரியுது?"

"என்ன தெரியும்? வெறும் குழி."

அவனைப் பின்னால் இழுத்து நிறுத்தினாள். நீளக் கம்பி ஒன்றின் நுனியில் எண்ணெய்த் துணி சுற்றிக் கொளுத்தி, எட்ட நின்று குழிக்குள் இறக்கினாள்.

குப்பென்று குழி முழுவதும் பற்றிக்கொண்டது. அனல் முகத்தில் அறைந்தது.

"இந்தக் கேஸ் காத்தவிடக் கனம்," என்றாள் ஆசான். "பள்ளம் பாத்துப் போய்ப் படுத்துக்கிடும்."

தாணுமூர்த்தி அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கோலப்பனின் முகம் கடைசிவரை முகமாகவே இருந்தது. வெந்ததெல்லாம் இடுப்புக்குக் கீழேதான். அதைத் துடைத்துவிட்டதே இவன் கைதான். அப்போதுகூட இவனுக்குப் புரியவில்லை.

"குழிய மூடிருவோம், கல்ல மேல ஏத்தி வச்சு நின்னு அடிப்போம்னு அவன் கேட்டான், ஆசானே. அப்பா நின்ன எடம், மண்ணள்ளிப் போட விடமாட்டேன்னு நான்தான் மறிச்சேன்."

ஆசான் கம்பியைத் தரையில் தேய்த்துத் துணியை அணைத்தாள்.

"சொல்லுங்க. அப்போ நான்தான கொன்னேன்?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான்தான், நான்தான் என்று அரற்றினான். அவள் கொட்டகைக்குள் போய்த் தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, கடையில வாங்கிக் குடுத்தியளே ஒரு பர்னர். அதுல வாற கேஸ் மேலயா போகும்?"

அவன் அழுகை நின்றுவிட்டது.

போனை அவன் கையில் வைத்தாள். "கொன்னவன் ஆருன்னு அப்புறம் பேசலாம். மொதல்ல அந்தப் பொண்ணக் கூப்பிட்டு, குழிய விட்டு ஏறச் சொல்லுங்க."