காகிதப்பூவுக்குப் பேசிய பேரம்

சந்தையில் காகிதப்பூச்செடி விற்றவரே, எல்லாம் உம்மால் வந்த வினை. நீர் மட்டும் அன்றைக்குத் தலையாட்டாமல் இருந்திருந்தால், கொறண்டிகுளத்தில் ஒரு கல்யாணப் பேச்சு இப்படி அந்தரத்தில் தொங்காது.

வீரபாகுவைத் தெரிந்துதான் தலையாட்டினீரா, தெரியாமலா? பழைய இரும்பை எடைக்கு வாங்கி விற்று, அடிபட்டு மிதிபட்டு மேலே வந்த மனுஷர். கோபம் மூக்குமேல் உட்கார்ந்திருக்கும். சொன்ன விலைக்கு ஒரு சாமான் வாங்கிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. மகள் செண்பகவல்லியைப் பெண் கேட்டவர்களிடம், வாசலில் காகிதப்பூ கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிற வீடுதான் நம்ம வீடு என்று ஒரு பெருமைக்குச் சொல்லிவைத்தார். வாசலில் அப்போது கிடந்தது ஓட்டை பம்புசெட்டு மோட்டார். மூன்று வாரத்தில் வருகிறோம் என்றார்கள் அவர்கள்.

அலறிப் புடைத்துக்கொண்டு மச்சினன் பலவேசத்தோடு உம்மிடம் வந்தார். தினம் ஆறு மணி நேரம் வெயில் படணும், நாற்பது நாளில் பூக்கும் என்று நீர் ஒழுங்காகத்தான் சொன்னீர்.

"ஆறு மணி நேரமா? கொள்ளையால்லா இருக்கு. நாலு."

நீர் சிரித்தீர். "சரி, நாலு."

"நாற்பது நாளும் கட்டாது. இருபது."

"இருபதே வச்சுக்கிடும்."

அடுத்து முள். பூவுக்குத்தான் வந்தேன், முள்ளுக்கு நான் எதுக்குக் கொடுக்கணும் என்று எகிறினார். வேண்டாம் என்றால் வீட்டில் போய்ப் பிடுங்கிப் போட்டுக்கொள்ளும் என்றீர். உமது குற்றம் முழுக்க அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பலவேசம் நகவெட்டியோடு உட்கார்ந்து, ஒரு முள் விடாமல் வெட்டியெடுத்துப் பேப்பரில் மடித்துவைத்தார். உம்மிடம் திருப்பிக் கொடுக்கத்தான்.

வெயில் கணக்கு வீரபாகுவின் தம்பி சித்திரைவேல் பொறுப்பு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நாலு மணி நேரம் முடிந்ததும் குடையை விரித்துவிடுவார். பேசினதுக்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. ஒருநாள் ஒரு மணி நேரத்திலேயே மேகம் மூடிக்கொண்டது. பாக்கி மூணு மணி நேரத்துக்கு எங்கே போவது? கூடிப் பேசினார்கள். கடைசியில் தொட்டியை மொபெட்டில் ஏற்றி, வெயிலைத் தேடிக்கொண்டு போனார்கள். மூணாவது ஊர்ச் சுடுகாட்டில் கிடைத்தது. தொட்டியைச் சுற்றி மூன்று பேரும் தலைகுனிந்து நின்றதைப் பார்த்து, போற வாற சனம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனது.

பத்தொன்பதாம் நாள், பலவேசத்தின் ஆடு வாசலுக்கு வந்தது. முள்ளில்லாத செடியை அது அதுவரைக்கும் கண்டதில்லை. வேர் வரைக்கும் தின்றுவிட்டு ஏப்பம் விட்டது.

வீரபாகு கம்பைத் தூக்கிவிட்டார். பலவேசம் குறுக்கே விழுந்தார்.

"அடிக்காதேயும் மச்சான். செடி எங்கயும் போகல. உள்ளதான் இருக்கு."

வீரபாகு கம்பை இறக்கிவிட்டு யோசித்தார். "உள்ள இருந்தா வெயில் எப்படிடே படும்?"

"ஆட்டை வெயில்ல கட்டுவோம்."

"நாலு மணி நேரந்தான்," என்றார் சித்திரைவேல். "கூடிரப்பிடாது."

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் அப்பா ஆவுடையப்பன் சொந்தபந்தத்தோடு வந்தார். பூவைத் தேடித் தெருவை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, ஆட்டுக்கு முன்னால் வந்து நின்றார். வீரபாகு வேர்த்து விறுவிறுத்து நடந்ததை எல்லாம் ஒப்பித்தார். உள்ளே செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

ஆவுடையப்பன் ஆட்டை ஒருதரம் சுற்றிவந்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தனை நாள்ல பூக்கும்?"

"நாற்பது ஆகும்."

"நாற்பதெல்லாம் கட்டாது. பத்து. பூத்தா நிச்சயதார்த்தம். பூக்கலேன்னா வேற இடம் பார்த்துக்கிடுதோம்."

வீரபாகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு சம்பந்தி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இன்றைக்கு எட்டாவது நாள். பலவேசம் காலையில் எழுந்ததும் ஆட்டின் கொம்புக்கு நடுவே முடியை விலக்கிப் பார்க்கிறார். ஒரு மொட்டுகூடக் காணோம். ஆடு சும்மா தின்கிறது, கத்துகிறது.

செடி விற்றவர் நீர். நாளைக்குள் வந்து, உம்ம கையாலேயே அந்த ஆட்டைப் பூக்கவைத்துவிட்டுப் போம். கொத்துக் கொத்தாக வேண்டாம், மூன்று பூ போதும். சரி, ஒன்று.