வாசல் சேராத சாரட்டு

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டம். முழுவதும் கேட்டுவிட்டு வாயைத் திறங்கள்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள் யசோதா. மாமனார் சென்னியப்பன் போன சித்திரையில் காலமாகிவிட்டார். பால்மாடுகளுக்குப் புதுக் கொட்டகை போட இடம் வேண்டியிருந்தது. பழைய புகையிலைக் கொட்டகையைப் பிரித்துவிடலாம் என்று கணவன் லோகநாதனைக் கிளப்பிக்கொண்டு போனாள். சோளத்தட்டுக் கட்டுகளை இழுத்துப் போடப் போட, உள்ளேயிருந்து பித்தளை விளக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தார்கள். கறுப்புத் தோல் கூரையும் வளைந்த மிதிபடியுமாக ஒரு குதிரைச் சாரட்டு, ஏர்க்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது. மெத்தையில் எலிகள் பேரன் பேத்தி எடுத்திருந்தன.

“ஏனுங்க, ராச வம்சம்னு எங்கிட்டச் சொல்லவே இல்லையே” என்றாள் யசோதா.

லோகநாதன் சிரிக்கவில்லை. “இதை அப்பா எப்பவோ வித்துட்டாருன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன். ராமாத்தா அத்தைக்குச் சீரா செஞ்ச வண்டி இது.”

“மாமா சாவுக்கு வந்து தலைமாட்டுல உக்காந்து அழுதுட்டு, ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போனாங்களே, அவங்களா?”

“அவங்கதான்.”

யசோதா குனிந்து சக்கரத்தைத் தொட்டாள். அச்சில் மசகு இன்னும் பிசுபிசுத்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் மாமனார் வருடா வருடம் போட்டுவந்திருக்கிறார்.

நடந்தது இதுதான். தங்கை ராமாத்தாளின் கல்யாணத்துக்குள் வண்டி தயாராகவில்லை. “நானே ஓட்டிவந்து உன் வாசலில் நிறுத்துகிறேன்” என்று பந்தலில் நாலு பேர் கேட்கச் சென்னியப்பன் வாக்குக் கொடுத்தார். வண்டி பட்டறையிலிருந்து வருவதற்குள் சென்னியப்பனின் குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு வந்துவிட்டது. கூட்டத்தில், முதல் பந்தியில் ராமாத்தாளின் மாப்பிள்ளையை உட்காரவைக்க மறந்துபோனார்கள். பசியும் ரோசமும் சேர்ந்துகொள்ள, “இனி உன் வண்டி என் வாசலில் நிற்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். சீரை அண்ணன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தங்கை வந்து கேட்டு வாங்கிப் போகிற வழக்கம் அங்கே கிடையாது. ஆக, வண்டிக்கென்று வாங்கிய குதிரை சந்தைக்குப் போயிற்று. வண்டி சோளத்தட்டுக்குப் பின்னால் போயிற்று.

பல வருடம் கழித்து அந்த மாப்பிள்ளை கண்ணை மூடினார். சென்னியப்பன் பிறந்த வீட்டுக் கோடிச்சேலையை எடுத்துக்கொண்டு, தடுத்த வாசலை முதல்முறையாக மிதித்தார். சேலையைப் போட்டார், திரும்பி வந்தார். அதற்கப்புறம் சாகும்வரை அந்தத் திசைக்கே போகவில்லை.

“ஏனாம்?” என்று கேட்டாள் யசோதா.

“அவ்வளவு தூரம் எறங்கிப் போயும் தங்கச்சி ‘வா’ன்னு ஒரு வார்த்தை சொல்லலியாம். கூப்பிடாத வீட்டுக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு வண்டி ஓட்டிட்டுப் போறதும்பார்.”

யசோதா வாளியும் துணியும் எடுத்துவந்து வண்டியைத் துடைக்க ஆரம்பித்தாள். மறுநாள் காலையில் அதை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக் கட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, புருசனோடு ராமாத்தாள் வீட்டு முன்னால் போய் இறங்கினாள். லோகநாதனுக்கு அத்தையானால் அவளுக்குச் சின்னம்மா முறை.

ராமாத்தாள் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தாள்.

“ஆரு கொண்டாரச் சொன்னது இதை?”

“நான்தானுங்க சின்னம்மா. உங்களுதுதானே” என்றாள் யசோதா.

லோகநாதனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “அன்னிக்கு நீங்க ‘வா’ன்னு சொல்லியிருந்தா அப்பாவே கொண்டாந்திருப்பாருங்க அத்தை.”

“அப்படியா சொன்னான்? உங்கொப்பன் போறப்ப ‘போய்ட்டு வாரேன்’னு சொல்லிட்டா போனான்? திரும்ப வர்றவனா இருந்தாச் சொல்லியிருப்பான். கடைசியாப் பாத்துட்டுப் போறான்னு நானும் இருந்துட்டேன்.” அவள் குரல் உயரவில்லை. “மருமகப் புள்ள, தண்ணி குடிச்சுட்டு வண்டிய எடுத்துட்டுப் போங்க. அவன் கையால வராத சீர் எனக்கு எதுக்கு?”

டிராக்டரையும் எடுக்காமல், கயிற்றையும் அவிழ்க்காமல் லோகநாதன் நின்றான். யசோதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அண்ணன் காத்திருந்தார், தங்கை கூப்பிடவில்லை என்று. தங்கை காத்திருந்தாள், அண்ணன் சொல்லிக்கொள்ளவில்லை என்று. இப்போது சொல்லுங்கள்: மாப்பிள்ளை போன பிறகும் அந்தச் சாரட்டு கொட்டகையிலேயே கிடந்ததற்கு இந்த இருவரில் யார் பொறுப்பு?

விடை: கோடிச்சேலை போட்ட அந்த ஒரு நாளைக்கு இருவருமே பொறுப்பில்லை. இழவு வீட்டில் வருகிறவரை யாரும் ‘வா’ என்பதில்லை. போகிறவரும் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. முறைக்காக மூடிய வாயை இருவரும் பகை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கருமாதி முடிந்ததும் அந்த முறையும் முடிந்துவிட்டது. புருசனுக்குத் துக்கம் காத்த ராமாத்தாள் அப்போது வாசல் தாண்ட முடியாது. கொடுக்க வேண்டிய பொருளும் கொடுத்த வாக்கும் சென்னியப்பனிடம் இருந்தன. முதலில் நடந்திருக்க வேண்டியவர் அவர்தான். யசோதா தன் மாமனார் என்று பாராமல் இதைச் சொன்னாள். ராமாத்தாள், “எழவு வீட்டு மொறைதான்னு அவனுக்கும் தோணல, எனக்கும் தோணல பாரு அம்மிணி” என்றாள். அப்புறம் கயிற்றை அவிழ்க்கச் சொன்னாள். வண்டி வாசலில் இறங்கியது. அவள் அதில் ஏறவில்லை. வெயிலில் தோல் வெடித்துவிடும் என்று உள்ளே போய், தன் போர்வையை எடுத்துவந்து அதன்மேல் போர்த்தினாள்.